இருபது வரைக்கும்

உட்கார் அம்மிணி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் அரை விரல்கடை குட்டை. பெஞ்சில் உட்கார். தண்ணீர் குடி. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தேதான் வந்தாயா? அறுநூற்று நாற்பது தப்படி. நான் எண்ணியிருக்கிறேன். உன் காலுக்கு எழுநூறு வரும்.

காகிதத்தைக் கொடு, பார்க்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன்தான், தமிழில் இருந்தால் படித்துவிடுவேன். ‘என் முகம் பதிவான காட்சித் துண்டைத் துறையின் பயிற்சிக்கும் மாணவர் குறும்படங்களுக்கும் பயன்படுத்திக்கொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.’ முழு மனதுடன். சரி. எத்தனை விநாடித் துண்டு என்று இதில் போடவில்லையே? பத்தா? பத்துதான் இருக்கும். எழுதிவிடு, பத்து விநாடி என்று. எண்ணிக்கை இல்லாத காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பயப்படாதே, போடுகிறேன். உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனால் அந்தப் பத்து விநாடியைப் பற்றி உங்கள் ஜெயசீலி மேடம் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறாரோ, அது பாதிதான். மீதியை நான் சொல்ல வேண்டும். எனக்கு அதிகம் பேச வராது. நடுவில் நின்றுவிட்டால் நீ ஒன்றும் கேட்காதே, நானே தொடர்வேன்.

நான் முட்டைப் பண்ணையில் எண்ணுகிறவன். இந்தத் தடத்தில் போனால் வருமே நீளநீளமாகத் தகரக் கூரை, அந்தப் பண்ணைதான். முப்பத்தொரு வருஷம். அட்டைக்கு முப்பது முட்டை. வரிக்கு ஐந்து, ஆறு வரி. கோழிக் கொட்டகையிலிருந்து வந்து குடோனில் அடுக்கி, லாரியில் ஏறுகிற வரைக்கும் என் கண்ணில் படாமல் ஒரு முட்டை போகாது. எண்ணும்போது முதல் எண்ணை ஒன்று என்று சொல்ல மாட்டேன். நெல் அளக்கிறவர்கள் சொல்வார்களே, அதுபோல லாபம் என்றுதான் தொடங்குவேன். லாபம், இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டிருக்கும்போது முதலாளியே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். நடுவில் தப்பிவிட்டால், தப்பின இடத்திலிருந்து குத்துமதிப்பாகத் தொடரக் கூடாது. மறுபடி லாபத்திலிருந்து வர வேண்டும். அது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

அப்படி லாபத்துக்குத் திரும்பினது முப்பத்தொரு வருஷத்தில் மூன்று தடவை. ஒரு தடவை குடோனில் பாம்பு வந்தது. இரண்டாவது, என் மகள் கோகிலா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்ன அன்று. மூன்றாவது, அவள் அம்மா மாராயிக்கு மூச்சு நின்றுவிட்டது என்று அதே ஆள் வந்து சொன்ன அன்று.

மூன்று என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசியில் உனக்கு மூத்த வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் படம் எடுக்க வந்தார்கள். முதலாளி குடோனில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். பதினொரு நாள். காலையில் மேடம் பலகையில் எழுதிப் போடுவதை மத்தியானம் இங்கே வந்து செய்து பார்ப்பார்கள். யாருக்கு என்ன வேலை என்று தினம் சீட்டுக் குலுக்குவார்கள். இன்றைக்கு டைரக்டராக இருந்த பெண் நாளைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு லைட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது. ‘நேத்து என்னைய அந்த வெரட்டு வெரட்டினியே, இன்னிக்கு நீ லைட்டப் புடி மகளே’ என்று ஒன்றை ஒன்று கேலி செய்துகொள்ளும். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். எனக்குக் கூச்சம். அட்டைகளுக்குப் பின்னால் நின்று என் வேலையைப் பார்ப்பேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இல்லை, மூன்றாம் நாள்தான், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. ‘அம்மிணி, முந்தி எடுத்தப்ப அந்தப் பக்கம் நாலு அட்டை இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்குது’ என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘அந்தத் தம்பி சட்டையில மேல் பொத்தான் போட்டிருந்துச்சு. இப்ப கழண்டிருக்குது.’

காமிராவில் போட்டுப் பார்த்தார்கள். நான்கு அட்டை. பொத்தான் போட்டிருந்தது.

அன்றைக்கு டைரக்டர் மதிவதனி என்கிற பெண். நல்ல உயரம், வாய் ஓயாது. அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். ‘ஐயா, நீங்க எங்ககூட வந்துருங்க. இந்த வேலைக்கு எங்கள்ல ஒருத்தனும் லாயக்கில்ல.’ காமிராக்காரன் அஷ்ரப், சேலத்துப் பையன், ‘ஐயாவுக்குச் சீட்டுக் குலுக்க வேண்டாம். அவருக்கு நிரந்தரப் பதவி’ என்றான். அதற்குக் கன்டினியூட்டி என்று பெயர் என்றார்கள். விட்டுப்போகாமல் தொடர்வது. அன்றிலிருந்து நான் முட்டை ஐயா. டம்ளரில் தண்ணீர் எவ்வளவு இருந்தது, கதவு எத்தனை விரல் திறந்திருந்தது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள். என் வீட்டில் மாராயி போன பிறகு என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை.

அவர்கள் எடுத்த கதை சின்னது. வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வருகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறாள். ‘அப்பா, நான் வந்திருக்கேனுங்க’ என்கிறாள். அவ்வளவுதான். அப்பா கதவைத் திறக்கிறாரா இல்லையா என்பதைப் பார்க்கிறவர்களே நினைத்துக்கொள்ள வேண்டுமாம்.

இல்லை அம்மிணி, என் கதை அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் நடக்கிறதுதானே.

என் மகள் கோகிலா சங்ககிரியில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் வெல்டராக இருக்கிற பையனைக் கட்டிக்கொண்டு போனாள். வேறு ஆட்கள். எட்டு வருஷம் ஆகிறது. நான் அடிக்கவில்லை, வையவில்லை, போலீசுக்குப் போகவில்லை. எல்லாரையும் போலக் குதிக்கவில்லை. ஒன்றும் பேசவில்லை, அவ்வளவுதான். மாராயி இறந்தபோது அவள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வா என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் இது உனக்குத் தெரிந்திருக்கும், வாசலில் வந்து நிற்கிறவரை வாயைத் திறந்து வா என்று கேட்காவிட்டால் அது செருப்பால் அடித்தது மாதிரி. ஆனால் இழவு வீட்டில் யாரையும் வா என்று கேட்கக் கூடாது. அதுவும் வழக்கம்தான். வழக்கப்படிதான் நடந்துகொண்டேன். மற்றவர்கள் யாரையும் நான் கேட்கவில்லை. மற்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவள் வரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அம்மாவைத் தூக்கினதும் போய்விட்டாள்.

சரி. படத்துக்கு வருகிறேன்.

ஏழாம் நாள் மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒன்றுமே காட்டாத ஒரு முகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு சோற்றுத் தட்டை ஒட்டினால், பார்க்கிறவர்கள் இவருக்குப் பசி என்பார்களாம். தொட்டிலை ஒட்டினால் பாசம் என்பார்களாம். முகத்தில் ஒன்றும் இல்லை, ஒட்டுகிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று மேடம் சொன்னாராம். நடிக்கத் தெரிந்த பையன்களை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒருவன் மூக்கு விடைத்தது, இன்னொருவன் சிரித்துவிட்டான். அஷ்ரப்தான் சொன்னான். ‘டேய், நம்ம முட்டை ஐயா மொகம் இருக்கே. லாரி கவுந்தாக்கூட அந்த மொகத்துல ஒண்ணும் தெரியாது.’

‘வாய மூட்றா’ என்று மதிவதனி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் என்னிடம் வந்து நின்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. குடோன் சுவரோரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தாள்.

‘ஒண்ணும் நினைக்காதீங்கய்யா.’

‘ஒண்ணும் நினைக்காம எப்படி அம்மிணி இருக்கறது?’

அவள் யோசித்தாள். ‘அப்ப எண்ணுங்க. மனசுக்குள்ளயே. ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும். உங்களுக்கு அது சாதாரணம்தானுங்களே.’

எண்ணுவது என்றால் எனக்குச் சரிதான். சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். விநாடிக்கு ஒரு எண், அதுதான் என் கணக்கு, கூடாது, குறையாது. லாபத்திலிருந்து இருபது வரைக்கும் ஒரே சீராக எண்ணி முடித்துக் கையைத் தூக்கினேன்.

‘நாப்பத்து மூணு செகண்டு’ என்றான் அஷ்ரப்.

‘இருபது’ என்றேன்.

‘இல்லைங்கய்யா, இதுல நாப்பத்து மூணு காட்டுது.’

‘உன் காமிராக் கடிகாரத்தச் சரி பண்ணு தம்பி’ என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். பையன் காமிராவை மதிவதனி பக்கம் திருப்பினான்.

மதிவதனி போட்டுப் பார்த்துவிட்டு, ‘முதல் பத்து செகண்டு பிரமாதமுங்க. ஒண்ணுமே இல்ல மொகத்துல. அப்புறம் கண்ணு அந்தப் பக்கம் போயிருச்சு. அது வேண்டாம்’ என்றாள்.

‘ஈ பறந்திருக்கும்’ என்றேன்.

மார்கழியில் கல்லூரிக் கூடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். எனக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு நாற்காலி, பதினேழு காலி. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதலில் என் முகம், பின்னால் சோற்றுத் தட்டு. ‘பாவம், பெரியவர் சாப்பிட்டு ரெண்டு நாள் இருக்கும்’ என்றது ஒரு பெண். அன்றைக்கு மத்தியானம் நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அடுத்தது முகம், பின்னால் தொட்டில். ‘பேரப் புள்ள போல’ என்றார்கள். மூன்றாவது, ஒரு வாசல். ஒரு ஜோடிச் செருப்பு. ‘அப்பா, நான் வந்திருக்கேனுங்க’ என்று மகளாக நடித்த பெண்ணின் குரல் மட்டும். அப்புறம் என் முகம். பத்து விநாடி.

எனக்கு முன்னால் இருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். விளக்கைப் போட்டதும் மேடம் எழுந்து, ‘மூன்றும் ஒரே துண்டு. அவர் அப்போது எண்ணிக்கொண்டிருந்தார்’ என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் இல்லாத பொருளை நான் விற்றுவிட்டது போல இருந்தது.

மதிவதனி அந்த மூன்றாவதை மட்டும் எடுத்து எல்லார் போனிலும் பரவ விட்டிருக்கிறாள். மேடம் பேசினது அதில் இல்லை. எண்ணினது அதில் இல்லை. வாசல், செருப்பு, குரல், என் முகம். அவ்வளவுதான்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு. காலை பத்து நாற்பது. நான் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். படல் திறக்கிற சத்தம் கேட்டது. கோகிலா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை, ஆறு வயது இருக்கும். எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை.

நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. கோபம் இல்லை அம்மிணி, சத்தியமாகக் கோபம் இல்லை. வரவில்லை. மூடி வைத்த கதவு மழையில் ஊறிப்போய்த் திறக்காமல் நிற்குமே, அப்படி.

ஆனால் இந்தத் தடவை அவள் நிற்கவில்லை. அவளே வந்துவிட்டாள். செருப்பை அதோ அங்கே கழற்றிப் போட்டுவிட்டு, நேராக உள்ளே.

‘நீங்க வாயால கேக்காட்டிப் போகுதுங்கப்பா. மொகத்துல கேட்டுட்டீங்க’ என்றாள். போனை எடுத்துக் காட்டினாள். ‘எத்தன தடவ பார்த்தேன் தெரியுங்களா? உங்க மருமகன் போனைப் புடுங்கி வெச்சுட்டாருங்க, சார்ஜ் தீருதுன்னு.’

குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தது. ‘இவருதான் போன்ல வர்ற தாத்தாவா?’

‘பேரு மகிழினிங்கப்பா. ஊட்டுல மாரான்னு கூப்பிடறது.’

மாரா. மாராயி. ஆறு வருஷமாக அந்தப் பெயரைச் சங்ககிரியில் ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

அடுப்பு பற்றவைத்தாள். அரிசி எங்கே, பருப்பு எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை, எல்லாம் அவள் அம்மா வைத்த இடத்திலேயே இருந்தன. குழந்தை என் முட்டை அட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு குழியில் விரலை விட்டு விட்டு எண்ணியது. பதின்மூன்றை விட்டுவிட்டு எண்ணியது. நான் திருத்தினேன். சாப்பிட்டோம். எனக்கு அவள் இரண்டாவது தடவை சோறு போட்டாள், நான் போதும் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதே பெஞ்சில். போனை வைத்து மறுபடி அதைப் போட்டாள்.

‘அப்ப என்னங்கப்பா நினைச்சீங்க?’ என்றாள். ‘என்னையத்தானுங்களே?’

அம்மிணி, முப்பத்தொரு வருஷம். ஒரு முட்டை கூடுதலாக எழுதினதில்லை. இருபத்தொன்பது இருந்தால் இருபத்தொன்பது. முதலாளி, போனால் போகிறது, முப்பது என்று போடு என்றாலும் போட மாட்டேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியாது.

‘ஒண்ணும் நினைக்கல கண்ணு’ என்றேன். ‘எண்ணிட்டிருந்தேன். லாபத்துலேர்ந்து இருபது வரைக்கும். ஒண்ணும் காட்டாத மொகம் வேணும்னாங்க. அதுதான் பாடமே. இதே மொகத்தச் சோத்துத் தட்டுக்கும் ஒட்டியிருக்காங்க, தொட்டிலுக்கும் ஒட்டியிருக்காங்க. அது நம்ம வாசல் இல்ல. அந்தச் செருப்பு படிக்கிற புள்ளையுது.’

இன்னும் சொன்னேன். மேடம் பலகையில் எழுதினதை எல்லாம் எனக்குத் தெரிந்த வரைக்கும் விளக்கினேன். பாரு, நிஜமாகவே நன்றாக விளக்கினேன். அவளுக்குப் புரிய வேண்டும் என்று நினைத்தேன். தப்பான கணக்கை வைத்துக்கொண்டு அவள் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அவள் போனை அணைத்தாள். எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். குழந்தைக்குத் தலை சீவிவிட்டாள். மூன்று இருபதுக்கு வாசலில் போய்ச் செருப்பைப் போட்டாள்.

‘போறேனுங்கப்பா’ என்றாள்.

வரேன் என்று சொல்லவில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் போறேன் என்பார்கள்.

ஒரு மாதம் எனக்கு அது ஆறவே இல்லை. உண்மையைச் சொன்னதற்கு ஏன் இப்படி ஆகிறது என்று இருந்தது. கோபமெல்லாம் உங்கள் கல்லூரி மேல் திரும்பியது. மாசியில் ஒரு நாள் நேராக மேடத்திடம் போனேன். அவர் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன், உள்ளே போகக் கூச்சம். அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ‘அதுல ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா. இவர் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தார், வேற ஒண்ணும் இல்லைன்னு. ஒரு புள்ள ஏமாந்துபோயிருச்சு’ என்றேன்.

மேடம் என்னை உட்காரவைத்தார். நல்ல மனுஷி. ‘முழுசா பார்த்துடலாம், வாங்க’ என்று அஷ்ரப்பைக் கூப்பிட்டு வெட்டாத துண்டைப் போடச் சொன்னார். நாற்பத்து மூன்று விநாடி.

நான் அதோடு சேர்ந்து எண்ணினேன். திரையில் என் உதடு லேசாக அசைகிறது. கவனித்துப் பார்த்தால் எனக்கு எந்த எண் என்று தெரியும். லாபம், இரண்டு, மூன்று. பத்து வரைக்கும்தான் படத்தில் எடுத்துக்கொண்டது. அது தாண்டிப் பதினொன்று. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. மகளாக நடித்த பெண் கதவுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறாள். ‘அப்பா, நான் வந்திருக்கேனுங்க.’

பன்னிரண்டு இல்லை.

பன்னிரண்டு வரவே இல்லை அம்மிணி. உதடு நின்றுவிட்டது. கண் கதவுப் பக்கம் போகிறது. ஈ இல்லை, எங்கேயும் ஈ இல்லை. அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு முகம் என்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு விநாடி அப்படியே இருக்கிறது. அதில் ஒரு தடவை உதடு அசைகிறது. அது எண் இல்லை. லாபத்திலிருந்து இருபது வரைக்கும் எந்த எண்ணுக்கு வாய் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பல்லில் கீழுதடு பட்டுத் திறக்கிற எண் எதுவும் கிடையாது.

அஷ்ரப் மெதுவாகச் சொன்னான். ‘வா-ன்னு சொல்றீங்கய்யா.’

அப்புறம் கண் சுவருக்குத் திரும்புகிறது. உதடு மறுபடி லாபத்திலிருந்து தொடங்குகிறது. சட்டப்படி. இருபது வரைக்கும் போய்க் கையைத் தூக்குகிறேன். பதினொன்றும் பன்னிரண்டும் இருபதும், நாற்பத்து மூன்று. காமிராக் கடிகாரம் சரிதான். எனக்குத்தான் அந்த நடுவில் இருந்தது தெரியவே இல்லை.

ஆக, நான்கு தடவை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘நாங்கள் எடுத்துக்கொண்டது வெறும் முகத்தை. நல்லதைத் தூக்கிப் போட்டுவிட்டோம்’ என்றார். இந்தத் துண்டை என் மகளிடம் காட்ட வேண்டும், போனில் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். கண்டிப்பாக என்றார். அஷ்ரப், ‘ரெண்டு நாள்ல அனுப்பறேனுங்கய்யா’ என்றான். என் போன் பழையது, பொத்தான் போன், அதில் படம் ஏறாது. அவள் போனுக்கே நேராக அனுப்பச் சொல்ல எனக்குக் கூச்சம், வேறு யார் போனுக்காவது அனுப்ப வேண்டும். யாரைக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்குப் பரீட்சை வந்துவிட்டது.

பங்குனியில் பொறுக்க முடியாமல் சங்ககிரிக்குப் போனேன். பட்டறைக்குப் பின்னால் வீடு. கோகிலா வாசலில் வந்து, ‘வாங்கப்பா’ என்றாள். உடனே சொன்னாள். முறையாகச் சொன்னாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், மோர் கரைத்துக் கொடுத்தாள். சம்பந்தி வீட்டு ஆளுக்கு என்னென்ன செய்வார்களோ, அதில் ஒன்று குறையவில்லை. மருமகனும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ‘வாங்க’ என்று கேட்டுவிட்டுப் போனார். குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தது.

பஸ்ஸில் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் எதிரில் உட்கார்ந்ததும் ஒன்றுதான் வந்தது.

‘கண்ணு, அன்னிக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சு’ என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பண்ணையில் ஏதோ என்று நினைத்துக்கொண்டாள் போல.

‘பரவாயில்லைங்கப்பா. வயசாகுதில்லைங்களா’ என்றாள்.

மோர் நன்றாக இருந்தது. முழுசும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. நேராகவே சொல்லியிருக்கலாமே என்று. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு எழுத்து. சொல்லத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு எழுத்துதான்.

வைகாசியில் மறுபடி கல்லூரிக்குப் போனேன். அந்தப் பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். அடுத்த வகுப்புக்கு இடம் வேண்டும் என்று, வருஷக் கடைசியில் வேண்டாத துண்டுகளை எல்லாம் பெட்டியிலிருந்து அழித்துவிடுவார்களாமே. மேடம் ஊரில் இல்லாத நேரம். உங்கள் ஆய்வகத்துப் பையன் பட்டியலைப் பார்த்துச் சொன்னான். ‘நல்ல டேக் மட்டும் இருக்குதுங்க. பத்து செகண்டு.’ அவன்மேல் தப்பில்லை. வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள், அழித்தான். மேடம் எனக்குப் போன் போட்டு அழுதார். அஷ்ரப்பும் பேசினான். அவன் அனுப்பாமல் விட்டதைச் சொல்லிச் சொல்லி அழுதான். நான்தான் யார் போனுக்கு அனுப்புவது என்று கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே, அவன் என்ன செய்வான்.

இப்போது நீ அந்தப் பத்து விநாடிக்குத்தான் கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறாய். இந்தா, போட்டுவிட்டேன். செ. சென்னியப்பன். தேதியும் போட்டிருக்கிறேன். அது வெறும் எண்ணிக்கைதான், யார் எதோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும்.

அந்தப் பையில் இருப்பது காமிராதானே? தூக்கும்போதே பார்த்தேன், கனம் தெரிகிறது. இன்னும் ஒரு தடவை எடுக்க முடியுமா அம்மிணி?

சுவரோரமாக நானே ஸ்டூலைப் போட்டுக்கொள்கிறேன். நீ எனக்குப் பின்னால், அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நில். நான் எண்ணுகிறேன். நடுவில் எங்கேயாவது அந்த வார்த்தையைச் சொல்லு. எந்த எண்ணில் என்று முன்னாலேயே சொல்லிவிடாதே. ‘அப்பா, நான் வந்திருக்கேனுங்க.’ கடைசியில் அந்த ‘ங்க’ கட்டாயம் வர வேண்டும், அவள் அதை விட மாட்டாள். என் கண் எங்கே போனாலும் நிறுத்தாதே. கெட்டுப்போனது என்று எதையும் தூக்கிப் போடாதே. அப்படியே உன் போனிலிருந்து கோகிலாவுக்கு அனுப்பு. அவள் எண் எனக்கு மனப்பாடம்.

ஒன்று உன்னிடம் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தினம் எண்ணிப் பார்க்கிறேன். அந்த வார்த்தையை நானே சொல்லிக்கொண்டும் பார்த்துவிட்டேன். லாபத்திலிருந்து இருபது வரைக்கும் நேராகப் போய்விடுகிறது. எவ்வளவு முயன்றாலும் தப்பவே மாட்டேன் என்கிறது.

நீ சொன்னால் ஒருவேளை தப்பலாம்.

பொத்தானை அழுத்திவிட்டாயா? சரி, கதவுக்குப் பின்னால் போ.

லாபம்.